எட்டி நிற்றலும் ஒட்டி வாழ்தலும்

தொற்றுநோய்க் காலத்தில் மக்களில் சிலர் இடைவெளியைக் காக்கின்றனர், சிலர் காப்பதில்லை. ஒரே லயத்தில் குடியிருப்போர், ஒரே பெரட்டில் பெயர் கொடுப்போர், ஒரே வானொலிச் செய்தியைக் கேட்போர் ஆகியோரிடையேயும் இந்த வேறுபாட்டைக் காண்கிறோம். காப்பவரை அறிவுடையவர் என்றும் காவாதவரை அறிவிலி என்றும் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறு சொல்வதால் நோய் குறைவதில்லை. மனம் புண்படுவதே மிச்சம். ஆகவே, ஒருவர் எட்டி நிற்பதற்கும் மற்றொருவர் நெருங்கி நிற்பதற்கும் உண்மையான காரணங்கள் யாவை என்பதை இம்மாதப் பாடத்தில் ஆராய்வோம்.

கோவிட்-19 முடிந்துபோன கதைதானே, இப்பொழுது இப்பாடம் எதற்கு என வாசகர் சிலர் வினவக்கூடும். உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் நாள் அந்நோய் குறித்த உலக அவசரநிலையை முடிவுக்குக் கொண்டுவந்தது உண்மையே. எனினும், நம் நாட்டில் மட்டும் 37,000க்கும் மேற்பட்ட உயிர்களை அது கொண்டு சென்றது. அதற்கு முன்னர் 1998, 1999ஆம் ஆண்டுகளில் நிப்பா நோயைக் கண்டோம். 2003இல் சார்ஸ் நோய் நம் வட்டாரத்தை அச்சுறுத்தியது. அடுத்த நோய் எந்நாளில் வரும் என எவராலும் நாள் குறிக்க இயலாது. மழை விட்டிருக்கும் வேளையிலேயே கூரையைச் செப்பனிட வேண்டும் என்பதை லயத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

இடைவெளி எதற்கு?

கோவிட்-19 நோய்க்கிருமி, நோயுற்றவர் மூச்சு விடும்போதும் பேசும்போதும் பாடும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நீர்த்துளிகளோடு வெளியேறுகிறது. பெரிய துளிகள் அருகிலேயே விழுந்துவிடுகின்றன. மிக நுண்ணிய துளிகளோ காற்றோட்டம் இல்லாத அறையில் நெடுநேரம் மிதக்கின்றன. ஆகையால்தான் ஒருவருக்கொருவர் ஒரு மீட்டராவது தள்ளி நிற்குமாறு நம் சுகாதார அமைச்சு வேண்டியது. கூட்டமான இடம், அடைப்பான இடம், முகத்தோடு முகம் வைத்துப் பேசும் நெருக்கம் ஆகிய மூன்றையும் தவிர்க்குமாறும் அது அறிவுறுத்தியது.

இங்கே ஓர் உண்மையை நாம் நன்கு மனத்தில் இருத்த வேண்டும். கோவிட்-19 கண்டவர், காய்ச்சலோ இருமலோ தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே பிறருக்கு அதைக் கொடுக்கக் கூடியவராகிவிடுகிறார். சிலருக்கு அறிகுறியே தோன்றுவதில்லை. "எனக்கு ஒன்றுமில்லை, நான் நலமாகத்தான் இருக்கிறேன்" என்று ஒருவர் சொல்வது பொய்யன்று. ஆனால் அது போதிய சான்றும் அன்று. நலமாக உணரும் ஒருவர், தமக்குத் தெரியாத ஓர் ஆபத்துக்காக, பெரும்பாலும் பிறருடைய நன்மைக்காக, தம் வழக்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இடைவெளி காத்தல் கடினமாக இருப்பதன் முதல் முடிச்சு இதுவே.

ஒரே வாரத்தில் நேர்ந்த மாற்றம்

நம் நாட்டில் முதல் கோவிட்-19 நோயாளிகள் 2020 ஜனவரி 25ஆம் நாள் கண்டறியப்பட்டனர். மார்ச் 16ஆம் நாள் இரவு நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அறிவிக்கப்பட்டு, மார்ச் 18 முதல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட 17ஆம் நாள் நடந்தது என்ன? சொந்த ஊருக்குத் திரும்ப விரும்பியோர் பேருந்து நிலையங்களில் திரண்டனர். மாநிலம் கடக்க அனுமதி பெறுவதற்காகக் காவல் நிலையங்களிலும் பெருங்கூட்டம் கூடியது. கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக வந்த ஆணையே ஒருநாள் கூட்டத்தைக் கூட்டிவிட்டது.

ஆணையின் தொடக்க நாட்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினரே அதனைப் பின்பற்றினர் என்று அரசாங்கம் தெரிவித்தது. சில நாட்களுக்குள் அந்த அளவு 90 விழுக்காட்டை எட்டியது. மார்ச் 22 முதல் இராணுவத்தினர் காவல் துறையினருக்குத் துணையாகச் சாலைகளில் நின்றனர். அச்சம் ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மட்டுமே காரணமாகுமா? அதே வாரத்தில் கடைகள் அடைக்கப்பட்டன; பள்ளிகள் மூடப்பட்டன; அண்டை வீட்டார் உள்ளே இருப்பதை ஒவ்வொருவரும் கண்டனர்; இறந்தோர் எண்ணிக்கை நாள்தோறும் அறிவிக்கப்பட்டது. மார்ச் 27ஆம் நாள், மாத வருமானம் 4,000 வெள்ளியோ அதற்குக் குறைவாகவோ உள்ள குடும்பங்களுக்கு 1,600 வெள்ளி உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்துக்கு முன் 'அறிவிலி'களாய் இருந்தோர் மறுவாரம் அறிவாளிகள் ஆகிவிடவில்லை. மக்கள் அவர்களேதாம், அவர்களைச் சூழ்ந்திருந்த நிலைமையே மாறியது. இம்மாதப் பாடத்தின் கருத்து இதில் அடங்கியுள்ளது.

நம் முன்னோர் அறிந்த முறை

எட்டி நிற்றல் நமக்குப் புதியதொரு பாடம் அன்று. வீட்டில் ஒருவருக்கு அம்மை கண்டால் வாயிலில் வேப்பிலை செருகுவது நம் மரபு. அதைக் கண்டவர் உள்ளே நுழையமாட்டார். அவ்வீட்டார் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் செல்லமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை இந்த ஒழுங்கு நீடிக்கும். காவலர் எவரும் வாயிலில் நின்றதில்லை. அபராதம் எதுவும் விதிக்கப்பட்டதில்லை. ஆயினும் லயம் முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது.

இதனை ஓர் ஆசிரியரின் கண்கொண்டு நோக்குவோம். அந்த முறையில் நான்கு சிறப்புகள் இருந்தன. முதலாவதாக, அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது. எவரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. இரண்டாவதாக, விதி எல்லார்க்கும் ஒன்றாக இருந்தது; கங்காணி வீடாயினும் கூலி வீடாயினும் வேப்பிலை வேப்பிலைதான். மூன்றாவதாக, நோயுற்றவருக்கு அதனால் இழிவு ஏற்படவில்லை. தாய் வந்திருக்கிறாள் என்றே ஊரார் மரியாதையோடு பேசினர். நான்காவதாக, இந்த ஒதுக்கத்துக்கு ஒரு முடிவு இருந்தது. எந்நாளில் தீரும் என அனைவரும் அறிந்திருந்தனர்.

அம்முறையில் குறையே இல்லை என்று நாம் கூற வரவில்லை. மருத்துவரிடம் செல்லத் தயங்கியதால் போன உயிர்களும் உண்டு. பெரியம்மை ஒழிந்தது தடுப்பூசியால்தான். உலகிலிருந்து அது ஒழிக்கப்பட்டதாக 1980இல் அறிவிக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர், பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவின் நோய்த்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அந்த ஒதுக்கம் அவர்கள் மேல் சுமத்தப்பட்டது. வேப்பிலை ஒதுக்கமோ அவர்கள் தாமே ஏற்றுக்கொண்டது. 1918ஆம் ஆண்டு மலாயாவைத் தாக்கிய இன்புளுவென்சா தோட்டங்களில் பல உயிர்களைப் பறித்தபோது, நெருக்கமான லயங்கள் எத்துணை ஆபத்தானவை என்பதும் வெளிப்பட்டது. ஆகவே, பழையதில் நல்லதை எடுத்துக்கொண்டு, புதிய அறிவோடு அதை இணைப்பதே நம் வேலை.

முதற் காரணம்: இயலுமா, இயலாதா?

ஒருவர் இடைவெளி காக்கிறாரா என்று கேட்பதற்கு முன்னர், அவரால் அதைக் காக்க இயலுமா என்று கேட்க வேண்டும். அலுவலகத்தில் எழுத்து வேலை செய்பவர் அதை வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். பால்மரத்தை வீட்டுக்குக் கொண்டு வர இயலுமா? இரண்டு அறையில் தாத்தா, பாட்டி, பிள்ளைகள் என எட்டுப் பேர் வாழும் வீட்டில் நோயுற்றவருக்குத் தனியறை எங்கிருந்து வரும்? குழாயடி பொதுவானதாக இருந்தால் ஒதுங்குவது எப்படி?

2020 நவம்பரில் கிள்ளானை அடுத்த மேரு வட்டாரத்துக் கையுறைத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடையே நோய் பரவியது. தெராத்தாய் திரள் எனப் பெயரிடப்பட்ட அதில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். உலகத்தை நோயிலிருந்து காக்கும் கையுறைகளைச் செய்த கைகள் அவை. ரப்பர்ப் பாலைப் பற்றி அறிந்த நமக்கு அத்தொழிலாளர்கள் அயலார் அல்லர். நெருக்கமான விடுதிகளில் அடுத்தடுத்துப் படுத்து உறங்கியோரிடம் "ஒரு மீட்டர் தள்ளி இருங்கள்" என்று சொல்வதில் என்ன பொருள் உண்டு? தொழிலாளர் தங்குமிடங்களுக்கான குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு, 2020 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்ததன் தேவை இதனால் நன்கு விளங்கும்.

இடத்தைப் போன்றே ஊதியமும் ஒரு தடை. இஸ்ரேல் நாட்டில் 2020இல் ஓர் ஆய்வு நடத்தினர். வீட்டில் தனிமையில் இருக்கும் நாட்களுக்கு இழப்பீடு கிடைக்குமானால் விதிக்குக் கட்டுப்படுவீர்களா என்று கேட்டபோது 94 விழுக்காட்டினர் ஆம் என்றனர். இழப்பீடு இல்லையென்றால் என்று கேட்டபோது, ஆம் என்றோர் 57 விழுக்காட்டுக்கும் குறைந்தனர். நோயைப் பற்றிய அறிவு இரு வேளையும் ஒன்றே. இடையில் மாறியது அடுப்பில் உலை ஏறுமா என்னும் கவலை மட்டுமே.

நாட்சம்பளக்காரர் ஒருவர் இலேசான காய்ச்சலோடு பெரட்டுக்கு வருகிறார் என்றால், அவரை உடனே பழிப்பதற்கில்லை. அன்றைய பேர் விழாவிட்டால் மாதக் கடைசியில் கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று அவர் எண்ணியிருப்பார். இங்கே ஓர் உரிமையை நினைவூட்டுவது எம் கடமை. தீபகற்ப மலேசியாவில் நடப்பிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, மருத்துவரின் சான்றிதழ் பெற்ற தொழிலாளிக்குச் சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்பு உண்டு. ஈராண்டுக்குக் குறைவான சேவை உடையவருக்கு ஆண்டுக்கு 14 நாள். ஈராண்டு முதல் ஐந்தாண்டுக்குள் சேவை உடையவருக்கு 18 நாள். ஐந்தாண்டோ அதற்கு மேலோ சேவை உடையவருக்கு 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை விடுப்பு உண்டு. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிக்க வேண்டும் என்பதை மறக்கலாகாது. இவ்வுரிமையை அறிந்தவர் காய்ச்சலை மறைக்கமாட்டார். ஆகவே, இதனை அறியாத ஒருவருக்கு எடுத்துச் சொல்வதும் நோய்த்தடுப்புப் பணியே ஆகும்.

இரண்டாம் காரணம்: பக்கத்திலிருப்பவர் என்ன செய்கிறார்?

ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பது பழமொழி. 2020இல் 114 நாடுகளைச் சேர்ந்த 6,000க்கும் மேற்பட்டோரிடம் ஆய்வாளர்கள் வினவினர். இடைவெளி காத்தலைப் பொறுத்தவரை, ஒருவருடைய சொந்தக் கருத்தைக் காட்டிலும், அவருடைய குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் விதியைக் காக்கிறார்களா என்பதே அவருடைய நடத்தையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. 'இது நல்லது' என்று நம்பியவரும், தம் சுற்றத்தார் காவாதபோது தாமும் தளர்ந்தனர்.

நம் தோட்டத்து அனுபவமும் இதனை மெய்ப்பிக்கும். பெரட்டில் முதலில் வந்து நிற்கும் ஐவர் தள்ளி நின்றால், பின்வரும் ஐம்பதின்மரும் தள்ளியே நிற்பர். முதல் ஐவர் குழுமி நின்று வெற்றிலை மாற்றிக்கொண்டால், எட்டி நிற்பவரைப் பார்த்து "என்ன, எங்களைக் கண்டால் ஆகாதா?" என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்விக்கு அஞ்சியே பலர் நெருங்கி நிற்கின்றனர். நோய்க்கு அஞ்சுவதைவிட, கர்வம் கொண்டவர் என்று பெயரெடுப்பதற்கு அஞ்சுவது மனித இயல்பு. ஆகவே, எட்டி நிற்பது அவமதிப்பு ஆகாது, அது அக்கறையின் அடையாளமே என்ற எண்ணம் முதலில் நம்மிடையே வேரூன்ற வேண்டும்.

மூன்றாம் காரணம்: சொல்பவர் யார்?

விதியைச் சொல்பவர் தாமே அதைக் காத்தால்தான் கேட்பவர் காப்பர். இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு, மக்கள் அனைவரும் வீட்டில் இருக்குமாறு பணிக்கப்பட்டிருந்த காலத்தில், பிரதமரின் தலைமை ஆலோசகர் குடும்பத்தோடு நெடுந்தூரம் பயணம் செய்தது மே மாதத்தில் வெளிப்பட்டது. ஏறத்தாழ 40,000 பேரைத் தொடர்ந்து கவனித்துவந்த ஆய்வு ஒன்று, அச்செய்திக்குப் பின்னர் அரசின்மீது மக்கள் கொண்டிருந்த நம்பிக்கை சரிந்ததைக் காட்டியது. நம் நாட்டிலும் 2020இல், வெளிநாட்டிலிருந்து திரும்பிய அமைச்சர் ஒருவர் தனிமைப்படுத்தும் விதியைக் காக்கத் தவறியதற்காக 1,000 வெள்ளி அபராதம் செலுத்த நேர்ந்தது. சிறியவருக்கு ஒரு நீதி, பெரியவருக்கு ஒரு நீதியோ என மக்கள் மனக்குறை கொண்டனர். அக்குறையை நாம் மறைப்பதற்கில்லை. ஆலயத் தலைவர், தொழிற்சங்கத் தலைவர், கிராணி, ஆசிரியர், அரசு அதிகாரி என யாராயினும், தாம் காவாத விதியைப் பிறர் காக்க வேண்டுமென எதிர்பார்த்தல் வீண்.

இதற்கு மாறான நல்லதொரு சான்றும் நம்மிடம் உண்டு. 2021 ஜனவரி 28ஆம் நாள் தைப்பூசம். பத்துமலையில் இலட்சக்கணக்கில் திரளும் பக்தர் கூட்டத்தை அன்று காணவில்லை. பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டவர்களும் வீட்டில் விளக்கேற்றி வழிபட்டனர். முருகனிடம் வைத்த நேர்த்தியை ஒத்திப்போடுவது எளிய செயலன்று. விதி எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததாலும், வழிபடுவதற்கு வேறு வழி காட்டப்பட்டதாலும் மக்கள் அதனை ஏற்றுக்கொண்டனர்.

நேரில் சென்று அன்போடு சொல்வதன் வலிமையை வங்காளதேசத்து ஆய்வு ஒன்று விளக்குகிறது. 2020 நவம்பர் முதல் 2021 ஏப்ரல் வரை அந்நாட்டின் 600 சிற்றூர்களில், ஏறத்தாழ 340,000 பெரியவர்களிடையே அது நடந்தது. சில ஊர்களில் முகக் கவசங்களை இலவசமாக வீட்டுக்கே கொண்டு சென்று கொடுத்தனர். ஊர்த் தலைவர்களும் சமயத் தலைவர்களும் முன்மாதிரியாக நின்றனர். அணியாதோருக்குப் பொது இடத்தில் நயமாக நினைவூட்டினர். முறையாக முகக் கவசம் அணிந்தோர் அவ்வூர்களில் 42 விழுக்காட்டினர். மற்ற ஊர்களில் 13 விழுக்காட்டினரே. இடைவெளி காத்தோரும் 24 விழுக்காட்டிலிருந்து 29 விழுக்காடாக உயர்ந்தனர். கைப்பேசியில் அனுப்பப்பட்ட நினைவூட்டுச் செய்திகளோ கூடுதல் பயன் எதையும் தரவில்லை. பொருளும் கொடுத்து, நேரிலும் வந்து, தாமும் செய்துகாட்டுபவரின் சொல்லுக்கே மதிப்பு என்பது இதன் பாடம்.

நான்காம் காரணம்: சலிப்பும் வெற்றியும்

2020 ஜூலை 1ஆம் நாள் நம் நாட்டில் புதிதாக நோய் கண்டவர் ஒரே ஒருவர். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்த தொற்று. நாடு முழுவதும் அடக்கத்தோடு இருந்ததன் பலன் அது. ஆனால் வெற்றியே பகையாகவும் மாறக்கூடும். "நோய்தான் இல்லையே, இன்னும் எதற்கு இந்த இடைவெளி?" என்ற எண்ணம் எழுகிறது. செப்டம்பர் 26ஆம் நாள் சபாவில் நடந்த சட்டமன்றத் தேர்தலை ஒட்டிய நடமாட்டத்துக்குப் பின்னர், நோய் மீண்டும் நாடு முழுவதும் பரவியது.

குடையைப் பிடித்திருந்ததால் நனையாதவர், நனையவில்லை என்பதற்காக நடுமழையில் குடையை மடக்குவாரா? ஆனால் நோய் மழையைப் போலக் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாம் விலகி நின்றதால் தப்பிய உயிர் எது என்று ஒருபோதும் தெரியப்போவதில்லை. பயன் தெரியாத வேலையைப் பல மாதங்கள் தொடர்ந்து செய்வது எவருக்கும் சலிப்பூட்டும். அடிக்கடி மாறும் விதிகள் அச்சலிப்பை மிகுதிப்படுத்தும். ஆகவே, விதிகள் சிலவாகவும் தெளிவாகவும் இருத்தல் நலம். எந்நாள் வரை என்பதையும் இயன்றவரை முன்னரே சொல்லிவிடுதல் நலம். அம்மைக்கு நம் முன்னோர் நாள் குறித்ததன் நுட்பத்தை இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

அபராதத்தின் எல்லையையும் இங்கே குறிப்பிட வேண்டும். விதிமீறலுக்கு முதலில் 1,000 வெள்ளி அபராதம் இருந்தது. 2021 மார்ச்சில் தனிநபர்க்கு 10,000 வெள்ளி வரை விதிக்க வழி செய்யப்பட்டது. அபராதம் சாலையில் செல்பவரைத் தடுக்கும். அது லயத்தின் பின்வாசலில் நிற்காது. திண்ணைப் பேச்சில் தலையிடாது. கண்காணிப்பவர் இல்லாத இடத்தில் மனிதனைக் காப்பது அவனுடைய மனமும் அவன் அண்டை வீட்டாருமே.

ஐந்தாம் காரணம்: பாசமும் கடமையும்

இடைவெளியைக் காவாதோரில் பெரும்பாலோர் முரடர் அல்லர். பாசத்தால் மீறுவோரே பலர். தாய் படுக்கையில் கிடக்கும்போது மகள் வாயிலில் நிற்பாளா? உடன் வேலை செய்தவர் இறந்துவிட்டார் என்று கேட்டவுடன் தோட்டமே திரண்டு செல்வது நம் பண்பு. நல்லதற்குப் போகாவிட்டாலும் கெட்டதற்குப் போயாக வேண்டும் என்பது நாம் வளர்ந்த முறை. கோவிட் காலத்தில் பிள்ளைகள் தந்தையின் முகத்தைக்கூட அருகிலிருந்து பார்க்க இயலாமல், தொலைவில் நின்று கைகூப்பி அனுப்பிவைத்த வீடுகள் நம்மிடையே உண்டு. கொள்ளி வைக்கும் கடமையையும் சிலரால் முறைப்படி செய்ய இயலவில்லை. அந்த வேதனை இன்னும் ஆறாதவர்களும் இதனைப் படித்துக் கொண்டிருக்கலாம்.

அவர்களிடம் 'விதி விதிதான்' என்று சொல்வது போதாது. அவர்கள் செய்தது ஒரு தியாகம் என்பதை ஊர் அறிந்து மதிக்க வேண்டும். துக்க வீட்டுக்குச் செல்லாமல் இருந்தவர் அன்பில்லாதவர் அல்லர். அங்கிருந்த முதியோரை நோயிலிருந்து காத்தவர் அவர். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். தொற்றுநோயோ தனக்கு வருமுன் பிறருக்காக வருந்தும் மனத்தைக் கேட்கிறது.

தோட்டத்தில் நாம் செய்யக்கூடியவை

இதுவரை கண்ட காரணங்களை வைத்துப் பார்க்கும்போது, அடுத்த தொற்றுநோய் வருமுன் ஒவ்வொரு தோட்டத்திலும் செய்து வைக்கத்தக்க ஏற்பாடுகள் சில உண்டு.

1. பெரட்டையும் பால் நிறுக்கும் வேலையையும் திறந்த வெளியில், பிரிவு பிரிவாக, வெவ்வேறு நேரத்தில் நடத்த முடியுமா என்று நிர்வாகத்தோடு பேசி வைத்தல். நிற்குமிடங்களுக்குத் தரையில் சுண்ணாம்புக் கோடு போட அதிகச் செலவு ஆகாது.

2. நோயுற்றவர் தனித்துத் தங்க ஓர் இடத்தை முன்னரே குறித்து வைத்தல். காலியான வீடு, பொது மண்டபம் எதுவாயினும் நீர், கழிப்பறை, காற்றோட்டம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அரசாங்கச் சுகாதார நிலையத்தின் ஆலோசனையைப் பெறுதல் அவசியம்.

3. லயத்துக்கு இருவர் என உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்தல். ஒதுங்கியிருக்கும் வீட்டுக்கு அரிசியும் மருந்தும் வாயில் வரை கொண்டு சேர்ப்பதும், நாள்தோறும் எட்ட நின்று நலம் விசாரிப்பதும் இவர்கள் பணி.

4. நோயுற்ற வீட்டை அடையாளம் காட்டும்போது இழிவுபடுத்தாமல் இருத்தல். 'நோய் பிடித்த வீடு' என்ற பேச்சு எழுமானால் அடுத்த வீட்டார் நோயை மறைப்பர். மறைந்த நோயே மிக வேகமாகப் பரவும்.

5. ஆலயக் குழுவினரும் சங்கத் தலைவர்களும் முதல்நாளே கூடி, துக்கத்துக்கும் திருவிழாவுக்கும் மாற்று முறைகளை வகுத்தல். ஈமச் சடங்கில் குடும்பத்தார் சிலர் மட்டும் கலந்துகொண்டு, நோய் தணிந்த பின் ஊரார் அனைவரும் கூடி நினைவுநாள் நடத்தலாம். இதனை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால், துக்க வேளையில் யாரும் யாரையும் தடுத்து நிறுத்த வேண்டிய நிலை வராது.

6. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் அவர்கள் மொழி அறிந்தவர் வாயிலாகச் செய்தியைச் சேர்ப்பித்தல். ஒரே தோட்டத்தில் பாதிப்பேரை விட்டுவிட்டு மீதிப்பேரைக் காக்க இயலாது.

முடிவுரை

இடைவெளி காத்தல் தனி மனிதரின் அறிவை மட்டும் பொறுத்ததன்று. ஒதுங்க இடம் வேண்டும். ஒதுங்கும் நாட்களில் உணவு வேண்டும். ஒதுங்குபவரை மதிக்கும் அண்டை வீட்டார் வேண்டும். தாமும் விதியைக் காக்கும் தலைவர்கள் வேண்டும். இவை அமைந்த இடத்தில், கட்டாயப்படுத்தாமலே மக்கள் எட்டி நிற்கின்றனர். இவை இல்லாத இடத்தில், எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் பயன் சிறிதே. சுருங்கச் சொன்னால், ஒட்டி வாழ்பவர்களால்தான் எட்டி நிற்கவும் முடியும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

(இவ்வினாக்களை ஓய்வு நாளில் குடும்பத்தாரோடும் நண்பர்களோடும் கலந்து பேசுமாறு வேண்டுகிறோம்.)

1. நம் லயத்தில் ஒருவர் பத்து நாள் தனித்திருக்க வேண்டுமானால், அவர் எங்கே தங்குவார்? அவருக்கு யார் உணவு கொடுப்பார்?

2. நம் வேலை ஒப்பந்தத்தின்படி நமக்கு எத்தனை நாள் நோய் விடுப்பு உண்டு? அதனை யாரிடம், எவ்வாறு அறிவிக்க வேண்டும்?

3. கோவிட் காலத்தில் விதியை மீறியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மேலே கூறிய ஐந்து காரணங்களுள் அவருக்குப் பொருந்தியது எது? அந்தக் காரணத்தை நீக்க நாம் என்ன செய்திருக்கலாம்?

4. வேப்பிலையைப் போல, எல்லாரும் மதிக்கும் அடையாளம் ஒன்றை இன்றைய தொற்றுநோய்க்கு நம் தோட்டத்தில் எவ்வாறு அமைக்கலாம்?